‘ஹிட்’டுக்கு எப்போதும் ‘அடி’தானா?

1 | மொழிபெயர்ப்பு_மேசை

அகராதியைப் புரட்டினால் ‘ஹிட்’டுக்கு முதலில் நிற்பது ‘அடி’. அதை நம்பி உட்கார்ந்தால் பாதி வாக்கியம்கூடத் தேறவில்லை. கையில் இருக்கும் கோப்பிலிருந்து ஆறு:

அ) ஹி ஹிட் ஹிஸ் ஹெட் ஆன் தி டோர்.
ஆ) தி டெம்பரேச்சர் ஹிட் 42 டிகிரீஸ்.
இ) ஷி வாஸ் ஹிட் பை எ பஸ்.
ஈ) தி டவுன் வாஸ் ஹார்ட் ஹிட் பை தி ஸ்ட்ரைக்.
உ) ஹி ஹிட் அட் தி பால் அண்ட் மிஸ்டு.
ஊ) தே ஹிட் ஆன் எ நியூ மெதட்.

ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு சொல் கிடைக்கும், அது பிரச்சினை இல்லை. இத்தனைக்கும் அடியில் ஒரே பொருள் ஓடுகிறதா, இல்லை மனப்பாடம்தான் வழியா என்று தெரிந்தால் போதும்.

2 | வாத்தியார்_மேடை

ஓடுகிறது. ‘ஹிட்’டில் கணக்கு முழுக்கப் ‘பட்டதா’ என்பதில்தான்.

தமிழில் ‘நாயைக் கல்லால அடிச்சான், படலை’ என்று சொன்னால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். கையை ஓங்கி விட்டெறிந்ததோடு ‘அடிச்சான்’ முடிந்துவிட்டது. பட்டதா இல்லையா என்பது அடுத்த செய்தி. ஆங்கிலத்தில் ‘ஹி ஹிட் தி டாக் வித் எ ஸ்டோன் பட் மிஸ்டு’ என்று எழுதினால் பின்பாதி முன்பாதியைப் பொய்யாக்குகிறது. எறிந்தது வரைக்கும் சொல்ல ‘த்ரூ எ ஸ்டோன் அட் தி டாக்’. கல் நாய்மேல் பட்ட பிறகுதான் ‘ஹிட்’. இதன் எதிர்ச்சொல் ‘மிஸ்’ என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் ஆறையும் இந்தக் கண்ணால் பாருங்கள். தலை போய்க் கதவில் பட்டது. பாதரசம் ஏறி 42-ஐத் தொட்டது. பஸ் வந்து அவள்மேல் பட்டது. வேலைநிறுத்தத்தின் வலி ஊர்மேல் விழுந்தது. யோசித்துக்கொண்டே போனவர்கள் ஒரு வழிமுறையில் போய் முட்டினார்கள். ‘உ’ மட்டும் தனி ரகம், அங்கே ‘அட்’ என்ற சின்னச் சொல் இருக்கிறது. அது வந்துவிட்டால் படும் என்ற உத்தரவாதம் போய்விடும். ‘ஷூட்’, ‘கிக்’ எல்லாமும் அப்படியே: ‘ஷாட் தி டைகர்’ என்றால் புலிமேல் குண்டு பாய்ந்தது, ‘ஷாட் அட் தி டைகர்’ என்றால் குறிபார்த்துச் சுட்டது மட்டும்.

வடிவம் சுலபம்: நிகழ்காலம், இறந்தகாலம், ‘பாஸ்ட் பார்ட்டிசிபிள்’ மூன்றுமே ‘ஹிட்’. ‘கட்’, ‘புட்’, ‘ஷட்’, ‘ஹர்ட்’, ‘காஸ்ட்’ கூட்டத்தைச் சேர்ந்தது. இதில் ஒரு லாபம்: ‘ஹி ஹிட்’ என்று ‘எஸ்’ இல்லாமல் வந்தால் அது இறந்தகாலம்தான், நிகழ்காலமாக இருந்தால் ‘ஹி ஹிட்ஸ்’. ‘ஐ’, ‘யூ’, ‘தே’ வந்தால் சூழலைப் பார்த்துத்தான் காலம் பிடிக்க வேண்டும். ‘ஐஎன்ஜி’ சேரும்போது ‘டி’ இரண்டு. ‘ஹிட்டட்’ என்று ஒன்று கிடையவே கிடையாது.

3 | சந்தேகப்பேர்வழி

‘அடி’யில் படுவது அடங்காது என்பதை அப்படியே ஏற்க முடியவில்லை. ‘பந்தை அடிச்சான்’ என்றால் மட்டையில் பந்து பட்டதுதானே? ‘பந்தை அடிச்சான், படலை’ என்று எந்த ஊரில் சொல்கிறார்கள்? ‘மட்டையை வீசினான், படலை’ என்போம். ‘ஆணி அடிச்சான்’ என்றாலும் ஆணி உள்ளே போயாகிவிட்டது.

4 | வாத்தியார்_மேடை

நல்ல கேள்வி. தமிழில் இது செயப்படுபொருளையும் கருவியையும் பொறுத்து மாறுகிறது. கையை விட்டுப் போகும் கருவி (கல், செருப்பு, கவண்) என்றால் ‘அடி’ எறிவதோடு நிற்கலாம். கையிலேயே இருக்கும் கருவி (மட்டை, சுத்தியல், பிரம்பு) என்றால் பட்டதாகத்தான் காது எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இந்தப் பாகுபாடு கிடையாது. எறிந்தாலும் ஓங்கினாலும், பட்டால் மட்டுமே ‘ஹிட்’.

ஆணி உதாரணம் வேறொரு பாடம். ‘ஹி ஹிட் தி நெயில்’ என்றால் சுத்தியல் ஆணித்தலையில் பட்டது என்பதற்கு மேல் எதுவும் இல்லை. ஆணி உள்ளே போனதா, வளைந்ததா, தெறித்ததா தெரியாது. சுவரில் ஆணி அடித்து முடித்ததைச் சொல்ல ‘ட்ரோவ் எ நெயில் இன்டு தி வால்’ அல்லது ‘ஹாமர்டு எ நெயில் இன்’. ‘ஹிட் எ நெயில் ஆன் தி வால்’ என்று விடைத்தாளில் வருவது நம் ‘ஆணி அடி’யின் நேர்ப்பெயர்ப்பு.

5 | சந்தேகப்பேர்வழி

கையில் இருப்பது, கையை விட்டுப் போவது என்ற பிரிப்பு சரியாக வரும்போல இருக்கிறது. ஆனால் ‘அடிக்க வந்தான், அடிச்சான், நான் ஒதுங்கிட்டேன்’ என்று சண்டைப் பேச்சில் கேட்கலாம். கையால்தான் அடித்தான், படவும் இல்லை. அதனால் விதி என்று சொல்லாதீர்கள், சாய்வு என்று சொல்லுங்கள்.

6 | சொல்வேர்

வாத்தியார் சொன்னதற்குச் சரித்திரமும் துணை நிற்கிறது. ‘ஹிட்’ பழைய ஆங்கிலத்தின் பிற்காலத்தில் நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) மொழியிலிருந்து இறங்கிய சொல். அங்கே ‘ஹிட்டா’ என்றால் எதிர்ப்படுதல், போய்ச் சந்தித்தல். அடிக்கிற எண்ணமே அதில் இல்லை. ஸ்வீடன்காரர்களுக்கு இன்றைக்கும் ‘ஹிட்டா’ என்றால் தேடிக் கண்டுபிடிப்பது. தொலைந்து மீட்கப்பட்ட பொருள்களுக்கு ஸ்காண்டிநேவிய மொழிகளில் ‘ஹிட்டெகோட்ஸ்’ என்று எழுதுவார்கள். ஆக, ‘ஹிட் ஆன் எ நியூ மெதட்’ என்பது உருவகமாக நீட்டிய பொருள் போலத் தெரிந்தாலும் சொல்லின் பழைய பொருளுக்கு அதுதான் பக்கத்தில் இருக்கிறது.

அதற்கு முன்னால் அடிப்பதற்கு ஆங்கிலத்தில் இருந்த சொல் ‘ஸ்லே’யின் மூதாதை. ஜெர்மனில் ‘ஷ்லாகன்’ இன்னும் அடிப்பதுதான். ஆங்கிலத்தில் ‘ஸ்லே’ கொலை செய்வதாகச் சுருங்கிவிட்டது. கல் உடைக்கிற பெரிய சம்மட்டிக்கு ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ என்கிறோமே, அந்த ‘ஸ்லெட்ஜ்’ அதே குடும்பம்.

7 | பின்பெஞ்ச்

அப்ப ‘ஸ்ட்ரைக்’? அதுவும் அடிதானே, வேலைநிறுத்தம் எங்கிருந்து வந்து ஒட்டிக்கிச்சு?

8 | சொல்வேர்

‘ஸ்ட்ரைக்’கின் மூலப்பொருள் தடவுதல், உரசிக்கொண்டு போதல். ‘ஸ்ட்ரோக்’ கூடப்பிறந்தது. உரசுதல் என்ற சாயல் ‘ஸ்ட்ரைக் எ மேட்ச்’சில் அப்படியே இருக்கிறது, தீக்குச்சியை யாரும் அடிப்பதில்லை, கிழிக்கிறோம். கப்பலில் பாயையோ கொடியையோ கீழே இறக்குவதற்கும் ‘ஸ்ட்ரைக்’ என்பார்கள். 1768-ல் லண்டன் துறைமுகத்தில் கூலித் தகராறில் மாலுமிகள் பாய்களை இறக்கிக் கப்பல்களை நகரவிடாமல் செய்தார்கள். வேலைநிறுத்தம் என்ற பொருள் அங்கே பிறந்தது. நாணயம் அச்சடிப்பதற்கும் ‘ஸ்ட்ரைக்’. பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க ‘ஸ்ட்ரைக் ஆஃப்’. பேரம் படிந்தால் ‘ஸ்ட்ரைக் எ டீல்’. இந்த இடங்களில் ‘ஹிட்’ போட்டால் அடிபட்டுப் போகும்.

மணி நாலு அடித்தது என்பதற்கு ‘தி க்ளாக் ஸ்ட்ரக் ஃபோர்’. இறந்தகாலம் ‘ஸ்ட்ரக்’. ‘ஸ்ட்ரிக்கன்’ என்ற பழைய வடிவம் ‘பானிக்-ஸ்ட்ரிக்கன்’, ‘பாவர்ட்டி-ஸ்ட்ரிக்கன்’ போன்ற கூட்டுச்சொற்களில்தான் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது. அமெரிக்க நீதிமன்றத்தில் குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட வாசகத்துக்கும் அதைச் சொல்வார்கள். மின்னலுக்குப் பெரும்பாலும் ‘ஸ்ட்ரக் பை லைட்னிங்’; ‘ஹிட்’ தப்பில்லை, ஆனால் பேப்பரில் ‘ஸ்ட்ரக்’தான் பழக்கம்.

9 | செய்திமேசை

தலைப்புகளில் ‘ஹிட்’ ஏன் கொட்டிக் கிடக்கிறது என்றால் மூன்றே எழுத்து. பத்தி அகலத்துக்கு அதைவிட வசதி இல்லை. தமிழில் கொண்டுவரும்போது நான்கு பாதையாகப் பிரித்துக்கொள்வது உத்தமம்.

எண் வந்தால் ‘தொட்டது’. வெப்பம் 42 டிகிரியைத் தொட்டது, 2024 ஜூலையில் சென்செக்ஸ் முதன்முறையாக 80,000-ஐத் தொட்டது. இங்கே ‘எட்டியது’ என்பதும் சரி. ஆனால் ‘எட்டியது’ முயன்று போய்ச் சேர்ந்தது போல ஒலிக்கும், கொரோனாச் சாவு எண்ணிக்கைக்கு அதைப் போட்டால் நெருடும்.

இயற்கைச் சீற்றம் வந்தால் ‘தாக்கியது’. புயலுக்கு மட்டும் கவனம்: ‘சைக்ளோன் ஹிட்ஸ் கோஸ்ட்’ என்பதைக் ‘கரையைத் தாக்கியது’ என்று எழுதலாம், ‘கரையைக் கடந்தது’ என்று எழுதினால் வானிலை மையம் சொல்கிற வேறொரு கட்டம் அது. புயலின் மையம் நிலத்துக்குள் வந்தால்தான் கடந்ததாகக் கணக்கு. மையம் கடலில் இருக்கும்போதே காற்றும் அலையும் கரையைத் தாக்கலாம்.

பொருளாதாரம் என்றால் ‘பாதித்தது’, ‘அடி வாங்கியது’. ‘சேல்ஸ் டுக் எ ஹிட்’ என்பதற்கு ‘விற்பனை அடி வாங்கியது’ அச்சு அசலாகப் பொருந்துகிறது.

வண்டி என்றால் ‘மோதியது’. யார் எழுவாய் என்பதில்தான் தவறு வருகிறது. ‘பைக் ஹிட்ஸ் லாரி’ என்றால் பைக் போய் மோதியது. ‘பைக் ஹிட் பை லாரி’ என்றால் லாரி வந்து மோதியது. அந்த ஒற்றைப் ‘பை’யைத் தவறவிட்டால் குற்றம் கட்சி மாறிவிடும். நிற்கிற லாரிமேல் மோதியதற்கும் ‘ஹிட்ஸ்’தான் வரும், ‘ஸ்டேஷனரி’ என்ற அடைமொழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நம்மூர் ஆங்கிலத்தில் ‘டேஷ்டு அகைன்ஸ்ட்’ என்று ஒன்று புழங்குகிறது. புகார் மனுவிலும் உள்ளூர்ச் செய்தியிலும் தினம் வரும். இங்கிலாந்தில் ‘டேஷ்’ என்றதும் அவசரமாக ஓடுவதுதான் முதலில் நினைவுக்கு வரும். வெளிநாட்டு வாசகருக்கு எழுதினால் ‘ஹிட்’ அல்லது ‘கொலைடட் வித்’ போடுங்கள். ‘கொலைடட்’ என்றால் இரண்டுமே நகர்ந்துகொண்டிருந்தன என்ற சாயல் உண்டு. சுவரோடு ‘கொலைட்’ ஆனது என்று கண்டிப்பானவர்கள் எழுத மாட்டார்கள்.

10 | சட்டத்தமிழ்

வண்டி மோதும் பேச்சு வந்ததால் ‘ஹிட் அண்ட் ரன்’ பற்றி ஒரு விஷயம். பேப்பரில் இதற்கு ‘மோதிவிட்டு நிற்காமல் சென்றது’ என்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 161-ஆம் பிரிவில் இதன் பொருள் வேறு: நியாயமான முயற்சி எடுத்தும் எந்த வாகனம் என்று கண்டுபிடிக்க முடியாத விபத்து. ஓட்டுநர் ஓடினாரா என்பது அங்கே கேள்வியே இல்லை. அதனால் ‘அடையாளம் தெரியாத வாகனம் மோதி’ என்று தினசரிகளில் வருகிற தேய்ந்த தொடர்தான் சட்டத்தின் பொருளுக்கு மிக நெருக்கம்.

நடைமுறையில் இது முக்கியம். 161-ன் கீழ் 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள திட்டப்படி மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். அதற்கு முன் 25,000-மும் 12,500-மும்தான். வண்டி எண் தெரிந்துவிட்டால் இந்தப் பிரிவு பொருந்தாது, காப்பீட்டு நிறுவனத்தைச் சேர்த்துத் தீர்ப்பாயத்தில் கோர வேண்டும். மனுவை ஆங்கிலப்படுத்துபவர் பேச்சுவழக்கில் ‘ஹிட் அண்ட் ரன்’ என்று போட்டுவிட்டு, அடுத்த பத்தியில் வண்டி எண்ணையும் எழுதினால் இரண்டும் மோதும்.

பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 106(2)-ஐயும் ஊடகங்கள் ‘ஹிட் அண்ட் ரன்’ பிரிவு என்றே அழைத்தன. அது கவனக்குறைவாக ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்திவிட்டுக் காவல்துறைக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்காமல் தப்பிப்பதைப் பற்றியது, 10 ஆண்டு வரை தண்டனை. லாரி ஓட்டுநர்கள் எதிர்ப்புக்குப் பிறகு, 2024 ஜூலை 1-ல் மற்றப் பிரிவுகள் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை நிறுத்திவைத்தார்கள்.

இன்னொன்று. புகாரில் ‘அடித்தார்’ என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘அசால்ட்டட்’ என்று பெயர்க்கிறார்கள். சன்ஹிதாவின் 130-ஆம் பிரிவில் (பழைய தண்டனைச் சட்டத்தில் 351) ‘அசால்ட்’டுக்கு உடம்பில் படவே வேண்டாம், அடிக்கப்போகிறார் என்று எதிராளி அஞ்சும்படி கை ஓங்கினாலே போதும். பட்டால் அது 129-ன் குற்றமுறு வன்முறை. வலித்தால் 114-ன் காயம். ‘அடித்தார்’ என்பதை எழுதும் முன் நாலு கேள்வி கேட்டு விடை வாங்குங்கள்: உள்ளங்கையா முஷ்டியா, கையில் ஏதாவது இருந்ததா, உடம்பில் எந்த இடம், ஒரு தடவையா பல தடவையா. அபாயகரமான ஆயுதத்தால் காயப்படுத்தியிருந்தால், சாதாரணக் காயத்துக்கான 115(2) போய் 118(1) வந்துவிடும். தண்டனை ஓராண்டிலிருந்து மூன்றாண்டுக்கு ஏறுகிறது. மொழிபெயர்ப்பாளர் பொதுச்சொல் போட்டால் இந்த விவரம் காணாமல் போகும்.

11 | மொழிபெயர்ப்பு_மேசை

கடைசிப் பத்திக்குக் கூடுதல் நன்றி ஐயா. அந்த நாலு கேள்விக்கு ஏற்ற ஆங்கிலச் சொற்களை யாராவது பிரித்துத் தர முடியுமா?

12 | வாத்தியார்_மேடை

உள்ளங்கை: ‘ஸ்லாப்’. அறை என்றால் இதுதான்.
முஷ்டி: ‘பஞ்ச்’. குத்து. கத்திக்குத்துக்கு ‘ஸ்டாப்’, இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் என்பதால் இங்கே ஆபத்து அதிகம்.
கால்: ‘கிக்’. உதை. முழங்காலால் என்றால் ‘நீ’ என்றே வினைச்சொல் உண்டு.
விரல் மொட்டி: ‘ராப்’. குட்டுக்கு ஒற்றைச் சொல் இல்லாததால் ‘ராப்டு ஹிம் ஆன் தி ஹெட் வித் ஹிஸ் நக்கிள்ஸ்’ என்று விரித்து எழுத வேண்டும். ‘மோதிரக் கையால் குட்டுப்பட்டாலும் படலாம்’ என்பதைப் பெயர்க்கும் புண்ணியவானுக்கு அனுதாபங்கள்.
தலையால்: ‘ஹெட்-பட்’. முட்டு.
பிரம்பு: ‘கேன்’, சாட்டை: ‘விப்’ அல்லது ‘லாஷ்’.
லேசாகத் தட்டுவது: ‘டாப்’; தட்டிக்கொடுப்பது: ‘பாட்’. கதவைத் தட்ட ‘நாக்’. ‘ஹிட் தி டோர்’ என்றால் கோபத்தில் குத்தியதாகத்தான் படிப்பார்கள்.

திரும்பத் திரும்ப என்றால் ‘பீட்’. ஹிட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எண்ணிக்கைதான். ‘ஹிட்’ ஒருமுறை பட்டது. ‘பீட்’ சாத்து சாத்தென்று சாத்தியது. அதனால்தான் முட்டையை ‘பீட்’ பண்ணுகிறோம், இதயம் ‘பீட்’ ஆகிறது, பறை ‘பீட்’ ஆகிறது. ‘ஹி வாஸ் ஹிட்டிங் மீ’ என்று தொடர்வினையாக்கினால் அதுவும் பலமுறை என்று மாறும்; ஒரே ஓர் அடி ‘நடந்துகொண்டிருக்க’ முடியாது. வடிவம் ‘பீட், பீட், பீட்டன்’.

13 | இலக்கணப்பெட்டி

உடம்பு இடத்துக்கு வரும் முன்னிடைச்சொல்லையும் சேர்த்துக்கொள்வோம். தலை, தோள், முதுகு, முழங்கால் என்றால் ‘ஆன்’. முகம், வயிறு, கண், நெஞ்சு, விலா என்றால் ‘இன்’. கன்னத்தில் அறைந்தால் ‘ஆன்’னும் வரும், குறுக்காக வீசியதென்றால் ‘அக்ராஸ் தி ஃபேஸ்’. மேட்டுக்கு ‘ஆன்’, பள்ளத்துக்கும் மெத்தென்ற இடத்துக்கும் ‘இன்’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தேறும். மூக்கு, ‘ஆன்’. வாய், ‘இன்’.

அதோடு ‘மை’, ‘ஹிஸ்’ வேண்டாம், ‘தி’ போதும்: ‘ஹி ஹிட் மீ ஆன் தி ஹெட்’. ஆள் ஏற்கெனவே ‘மீ’யில் வந்தாகிவிட்டது.

இது நமக்குப் புதிதும் அல்ல. ‘அவன் என் தலையில் அடித்தான்’, ‘அவன் என்னைத் தலையில் அடித்தான்’ இரண்டும் தமிழில் செல்லும். ‘உடை’யை வைத்துப் பாருங்கள்: ‘அவன் என் காலை உடைத்தான்’ சரி, ‘அவன் என்னைக் காலில் உடைத்தான்’ வராது. ஆங்கிலத்திலும் ‘ஹி ப்ரோக் மீ ஆன் தி லெக்’ வராது. சார்ல்ஸ் ஃபில்மோர் என்ற மொழியியலாளர் 1970-ல் ‘ஹிட்’, ‘ப்ரேக்’ இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டிய வேறுபாடு இது. ‘ப்ரேக்’ நிலைமாற்றத்தைச் சொல்கிறது, ‘ஹிட்’ மேற்பரப்பில் பட்டதைச் சொல்கிறது. கண்ணாடி ‘உடைந்தது’ என்கிறோம். ‘அடிந்தது’ என்று ஒரு தன்வினை தமிழில் இல்லை. ‘தி விண்டோ ப்ரோக்’ உண்டு, ‘தி விண்டோ ஹிட்’ இல்லை. ஜன்னலை ‘ஹிட்’ பண்ணியும் அது உடையாமல் இருக்கலாம்.

கருவிக்கு ‘வித்’, தானாக வந்து விழுந்ததற்கு ‘பை’. ‘ஹிட் வித் எ ஸ்டிக்’ என்றால் குச்சிக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார். ‘ஹிட் பை எ ப்ராஞ்ச்’ என்றால் மரக்கிளை முறிந்து விழுந்தது, யாரும் இல்லை.

14 | ஈழத்துப்பேச்சு

ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில ‘அடிபட்டுது’ எண்டால் காயம். யாழ்ப்பாணத்தில ‘அவங்கள் ரெண்டுபேரும் அடிபட்டவங்கள்’ எண்டால் சண்டை பிடிச்சவங்கள். சாட்சியம் மொழிபெயர்க்கிற ஆக்கள் இதை ‘தே வேர் ஹிட்’ எண்டு போட்டால் கதையே மாறும். ‘தே ஃபோட்’ எண்டுதான் வரவேணும். சொல்லுறவர் எந்த ஊர் எண்டு முதல்ல கேளுங்கோ.

15 | வாத்தியார்_மேடை

அருமை. தமிழ்நாட்டு ‘அடிபட்டது’க்கும் ‘ஹிட்’ வராது என்பதையும் சேர்க்க வேண்டும். ‘கால்ல அடிபட்டுடுச்சு’ என்றால் ‘ஐ ஹர்ட் மை லெக்’. தடுக்கி விழுந்திருக்கலாம், எதுவும் வந்து மோதியிருக்க வேண்டியதில்லை. மாறாக, ‘நிலையில தலை இடிச்சிடுச்சு’ என்பதுதான் ‘ஹிட் மை ஹெட் ஆன் தி டோர்ஃப்ரேம்’. ஆங்கிலத்தில் தன் உறுப்பையே ‘ஹிட்’டின் செயப்படுபொருளாகப் போட்டால் பொதுவாகத் தெரியாமல் பட்டது என்று பொருள். வேண்டுமென்றே முட்டிக்கொண்டால் ‘பாங்’ போன்ற சொல்லோடு ‘டெலிபரேட்லி’ சேர்ப்பார்கள்.

16 | பந்துமட்டை

கிரிக்கெட்டில் ‘பீட்டன்’ என்றால் மேலே சொன்னதற்கு நேர் எதிர்: பந்து மட்டையில் படவே இல்லை, ஆட்டக்காரர் ஏமாந்தார். ‘பீட்’டின் ‘தோற்கடி’ என்ற கிளை அது. வர்ணனையைத் தமிழாக்கும்போது ‘அடிக்கப்பட்டார்’ என்று போட்டுவிடாதீர்கள்.

சட்டப்புத்தகத்தில் ‘ஹிட்’ வரும் ஆட்டமிழப்பு இரண்டு. 34-ஆம் விதி ‘ஹிட் தி பால் ட்வைஸ்’: ஒருமுறை பட்ட பந்தை, ஃபீல்டர் தொடும் முன் வேண்டுமென்றே மறுபடி அடிப்பது. ஸ்டம்பைக் காப்பாற்ற மட்டும் இரண்டாவது தட்டு தட்டலாம், மட்டையைப் பிடிக்காத கையால் கூடாது. 35-ஆம் விதி ‘ஹிட் விக்கெட்’: மட்டை மட்டும் அல்ல, உடம்போ ஹெல்மெட்டோ பட்டுப் பெயில் விழுந்தாலும் அவுட். ‘ஃப்ரீ ஹிட்’டில் அடித்தே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நோ-பாலில் எப்படி அவுட் ஆகலாமோ அப்படித்தான் அதிலும்: ரன் அவுட், ஃபீல்டிங்கைத் தடுத்தல், இரண்டு முறை அடித்தல். 2015 முதல் ஒருநாள், டி20 சர்வதேச ஆட்டங்களில் எல்லா வகை நோ-பாலுக்கும் உண்டு.

‘ஸ்ட்ரைக்கர்’ என்றால் பந்தை எதிர்கொள்கிற ஆள், அவர் மட்டையை நகர்த்தாவிட்டாலும். ‘ஸ்ட்ரைக் ரேட்’ ஒரே பெயரில் இரண்டு கணக்கு: மட்டைக்காரருக்கு 100 பந்துக்கு எத்தனை ரன் (40 பந்தில் 50 என்றால் 125), பந்துவீச்சாளருக்கு ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து (60 பந்தில் 3 என்றால் 20). முன்னது கூடினால் நல்லது, பின்னது குறைந்தால் நல்லது.

17 | சர்வர்_அறை

கணினியில் ‘ஹிட்’ தேடியது கிடைத்தது என்ற பொருளில் வருவதுதான் அதிகம். கேஷுக்கு (அடிக்கடி தேவைப்படுவதைக் கையருகே வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) 1,000 கோரிக்கை வந்து 920-க்கு அங்கேயே பதில் இருந்தால் ஹிட் விகிதம் 92 சதவீதம், மீதி 80 ‘மிஸ்’. ‘அடி’ போட்டால் சிரிப்பார்கள். ‘கிடைத்தது, கிடைக்கவில்லை’ என்றே எழுதலாம்.

வலைத்தள ‘ஹிட்ஸ்’ வேறு. ஒரு பக்கத்தில் 12 படமும் 2 நடைத்தாளும் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ‘ஸ்டைல்ஷீட்’ கோப்பு) இருந்தால், பக்கத்தையும் சேர்த்து 15 கோரிக்கை, அதாவது 15 ஹிட். வந்தவர் ஒரே ஆள். ‘லட்சம் ஹிட்ஸ்’ என்று விளம்பரம் பார்த்தால் அதை லட்சம் வாசகர் என்று பெயர்க்க வேண்டாம்.

‘ஹிட் என்டர்’ என்பதற்கு ‘என்டரைத் தட்டு’ என்று மக்கள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது போதும்.

18 | பின்பெஞ்ச்

‘படம் ஹிட் அடிச்சிடுச்சு’ன்னா அடி மேல அடியா? கொசுவுக்கும் ‘ஹிட் அடிச்சியா’ன்னுதான் கேக்குறோம். 😄

19 | வாத்தியார்_மேடை

கொசுவுக்கு அடிப்பது கோத்ரெஜ் டப்பா, அது தெளிப்பது. பூச்சிமருந்து அடிப்பது போல. ஆங்கிலத்தில் ‘ஸ்ப்ரே’. அந்தப் பட்டியல் நீளம்: மணி அடிக்க ‘ரிங்’, வெள்ளை அடிக்க ‘ஒயிட்வாஷ்’, நோட்டு அடிக்க ‘ப்ரின்ட்’, வெயில் அடிக்க ‘ஷைன்’, காற்று அடிக்க ‘ப்ளோ’, டயருக்குக் காற்று அடிக்க ‘பம்ப்’, காய்ச்சல் அடிக்க ‘ரன் எ ஃபீவர்’, நாற்றம் அடிக்க ‘ஸ்மெல்’, காப்பி அடிக்க ‘காப்பி’ மட்டும். இதில் ஒன்றுக்கும் ‘ஹிட்’ கிடையாது. பிரேக் அடிப்பதற்கு மட்டும் ‘ஹிட் தி ப்ரேக்ஸ்’ கச்சிதமாக உட்காருகிறது.

20 | இலக்கணப்பெட்டி

சிறு சொல் ஒட்டும்போது மாறுவதில் ஒன்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: ‘ஹிட் ஆன்’. பொருள், யோசனை, தீர்வு வந்தால் ‘எதிர்பாராமல் பிடித்தார்கள்’. ஆள் வந்தால் ‘வழிந்தார்’. அலுவலக மடலில் சகபணியாளரின் பெயரை இதற்குப் பின்னால் போட்டால் விசாரணைக் குழு வரை போகும். யோசனைக்கு ‘ஹிட் அபான்’ என்று எழுதிவிடுங்கள், சந்தேகத்துக்கே இடமில்லை.

‘ஹிட் பேக்’ பதிலடி. ‘ஹிட் அவுட் அட்’ கடுமையாகச் சாடுவது. பெரும்பாலும் கை நீளாது, வாய்தான். ‘ஹிட் இட் ஆஃப்’ பார்த்ததுமே ஒட்டிக்கொள்வது. ‘ஹிட் மீ அப்’ அமெரிக்கப் பேச்சில் ‘கூப்பிடு, செய்தி அனுப்பு’; அலுவல் மடலில் வேண்டாம்.

21 | செய்திமேசை

மரபுத்தொடர்களில் ‘ஹிட் ஹோம்’ என்பதற்கு ‘உறைத்தது’ போல இன்னொன்று அமையாது. ‘ஹிட் தி ரூஃப்’, வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். ‘ஹிட் தி பாட்டில்’, குடியில் விழுந்தார். ‘ஹிட் தி சாக்’, படுக்கப் போனார். மூட்டையை இழுக்க வேண்டாம். ‘ஹிட் தி நெயில் ஆன் தி ஹெட்’டுக்கு ‘நெத்தியடி’.

22 | சந்தேகப்பேர்வழி

கடைசியில் இடறுகிறது. நெத்தியடி எதிராளியைச் சாய்க்கிற பதில். அதில் வெற்றி இருக்கிறது. நெயில் தொடரில் எதிராளியே கிடையாது, விஷயத்தின் மையத்தைத் தொட்டதுதான். மருத்துவர் நோயைச் சரியாகக் கணித்தால் ஆங்கிலத்தில் அந்தத் தொடர் வரும், தமிழில் ‘நெத்தியடி’ என்பீர்களா? ‘சரியாகப் பிடித்தார்’ என்போம்.

23 | மொழிபெயர்ப்பு_மேசை

இப்போதைக்கு வைத்திருப்பது:

அ) கதவில் தலையை இடித்துக்கொண்டான்.
ஆ) வெப்பநிலை 42 டிகிரியைத் தொட்டது.
இ) அவள்மீது பஸ் மோதியது.
ஈ) தாக்குதலில் அந்த ஊர் கடுமையாகப் பாதிக்கப்பட்டது.
உ) பந்தைக் குறிவைத்து மட்டையை வீசினான், படவில்லை.
ஊ) புதிய வழிமுறை ஒன்று அவர்களுக்குத் தட்டுப்பட்டது.

24 | சொல்வேர்

‘தட்டுப்பட்டது’ பிரமாதம். ‘ஈ’யில் ‘தாக்குதல்’ எப்படி வந்தது? ‘ஸ்ட்ரைக்’ விமானத் தாக்குதலாகவும் இருக்கலாம், வேலைநிறுத்தமாகவும் இருக்கலாம். முந்தின பத்தியில் என்ன இருக்கிறது?

25 | மொழிபெயர்ப்பு_மேசை

நிலக்கரிச் சுரங்கம், 1984, இங்கிலாந்தின் வடபகுதி. கடைகள் மூடியது பற்றிய பத்தி.

26 | செய்திமேசை

அப்படியென்றால் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் காலத்துச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம். 1984 மார்ச்சில் தொடங்கி ஓராண்டு நடந்தது. வாத்தியார் 2-ல் வேலைநிறுத்தம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார், பாருங்கள். கூலி நின்று கடை மூடிய ஊருக்குப் ‘பாதிக்கப்பட்டது’ வெளிறிப் போகிறது. ‘வேலைநிறுத்தத்தில் அந்த ஊர் நொடித்துப்போனது’ என்று வையுங்கள்.